நாரா, தும்பா?

தேங்காய் மட்டையை உரித்தால் கையில் வரும் பழுப்பு இழைக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் நார் என்று பெயர். இலங்கையில் அது தும்பு. அங்கே வீடு கூட்டும் துடைப்பம்கூடத் தும்புத்தடிதான். தெற்கே தூத்துக்குடிப் பக்கம் பனந்தும்பு என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் நாரின் எல்லை பெரிது. வாழைமட்டையிலிருந்து கிழித்துக் காயவைத்து, பூக்கட்டும் முன் தண்ணீரில் நனைக்கிறோமே, அது நார். அவரைக்காயின் நுனியைக் கிள்ளி ஓரமாக இழுத்தால் வருவதும், மாம்பழம் சாப்பிட்டபின் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு உயிரை எடுப்பதும் நார்தான். இங்கெல்லாம் தும்பு பொருந்தாது. தும்பு என்றாலே விறைப்பாக, இழை இழையாகப் பிரிந்து நிற்பதுதான் நினைவுக்கு வருகிறது.

‘தும்பை விட்டு வாலைப் பிடித்த’ கதையில் வருவது மாட்டைக் கட்டும் கயிறு, அது வேறு.

என்னைக் கேட்டால், வளைந்து கட்டுவதற்கு நார், விறைத்துக் கூட்டுவதற்குத் தும்பு. தேங்காய் மட்டைக்கு மட்டும் இரண்டில் எதைச் சொன்னாலும் சரி.