கூத்துக் கட்டைக்கு சிலிக்கான் அச்சு: ஏழு வருஷம் பயன்படுத்திய பிறகு

2018 ஆடி முடிந்த கையோடு எங்கள் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒரு ஜோடி புஜக்கட்டையை, அதாவது வேஷக்காரர் தோளில் கட்டும் மர அணியை, பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. அவருடைய அப்பா காலத்துக் கட்டை. துரியோதனனும் கர்ணனும் மாறி மாறித் தோளில் சுமந்தது. வலது பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது.

“செதுக்கித் தர ஆள் கெடைக்கலப்பா. நீ பாண்டியில ஃபைபர் வேலை பாக்குறியாமே, இது அப்படியே வருமா?” என்றார்.

“வரும் வாத்தியாரே” என்றேன். சரியாக வர எட்டு மாதம் ஆனது. அதிலிருந்து இன்றுவரை அந்த ஒரு ஜோடியிலிருந்து மட்டும் 70க்கு மேல் கட்டை எடுத்துவிட்டேன். மார்ப்பதக்கம், கதாயுதம், வாள் பிடி எல்லாம் தனி. கடலூரிலும் பாண்டியிலும் வேஷப் பொருள் செய்கிறவர்கள் அடிக்கடி கேட்பதால், சிலிக்கான் அச்சு இத்தனை வருஷத்தில் எனக்கு எப்படி உழைத்தது என்று எழுதுகிறேன்.

முதலில் பொருளின் வடிவத்தைச் சொல்ல வேண்டும். புஜக்கட்டை தட்டையான பொருள் இல்லை. தோளில் உட்காருவதற்காக அடிப்பக்கம் குழிந்திருக்கும். மேல்பக்கம் சிறகு மாதிரி விரிந்து, நுனி கிளி மூக்கு போலப் பின்னால் வளையும். பூவேலைக்கு நடுவே கண்ணாடிச் சில்லு பதித்த பள்ளங்கள். இதன் மேல் பிளாஸ்டர் ஊற்றினால் அந்தக் கிளி மூக்கில் மாட்டிக்கொண்டு கழற்ற வராது. நான் ஊற்றிப் பார்த்தேன். அச்சும் உடைந்தது, மூக்கின் ஓரத்தில் ஒரு சிராயும் போனது. அந்தச் சிராயை வாத்தியார் முன்னால் ஒட்டவைத்த நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சிலிக்கானுக்கு வந்தேன். நான் வாங்குவது டின் வகை, அதாவது வெள்ளீயக் கலவையால் இறுகுவது. நூறு கிராம் ரப்பருக்கு மூன்று கிராம் கேட்டலிஸ்ட் (இறுக வைக்கும் திரவம்), தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். கண் அளவு உதவாது. கிலோ ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. பெட்டி கட்டி உள்ளே பொருளை வைத்து ஊற்றினால் ஒரு கட்டைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் பிடிக்கும். அதனால் பிரஷ்ஷால் பூசுகிறேன். ஒன்றேகால் கிலோவில் முடிந்துவிடுகிறது.

பூசுவதற்கு முன்பு கண்ணாடிச் சில்லுகளையும் ஜிகினாத் தாளையும் சூடான கத்தி முனையால் மெல்ல எடுத்துவிடுவேன். சிலர் கண்ணாடியோடு சேர்த்தே அச்சு எடுக்கிறார்கள். அப்படி வந்த பிரதியில் கண்ணாடி இருந்த இடம் வெறும் மேடாக நிற்கும். எத்தனை வெள்ளி பெயிண்ட் அடித்தாலும் கூத்துக் களத்து விளக்கில் அது மின்னாது. பள்ளமாக வந்தால் புதுச் சில்லு ஒட்டலாம், அடவு போடும்போது பழைய கட்டை மாதிரியே வெளிச்சம் தெறிக்கும். கட்டை வேஷத்துக்கு அந்த வெளிச்சம்தான் உயிர். சில்லு எடுத்த மரத்துக்கு அரக்குப் பாலிஷ் இரண்டு கை, மேலே வாஸ்லின் மெல்லிசாக. பாலிஷ் போடாத இடத்தில் சிலிக்கான் மரத்தின் துளைக்குள் இறங்கிக் கவ்வும்.

முதல் பூச்சு மெல்லிசாக, தண்ணிப் பதத்தில். சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு இதழ் ஓரத்திலும் குத்திக் குத்திப் பூச வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி நின்றுவிடும். விரலால் தொட்டால் ஒட்டும், ஆனால் விரலோடு வராது. அந்தப் பதத்தில் அடுத்த பூச்சு. இரண்டாவதிலிருந்து ஏரோசில் பவுடர் கலந்து தயிர்ப் பதத்துக்குக் கொண்டுவருவேன், வழியாமல் நிற்கும். கலக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் காற்றில் மிதக்கும். நாலு பூச்சில் ஆறேழு மில்லிமீட்டர் கனம் வரும். கடைசிப் பூச்சில் மருந்துக்கடைக் கட்டுத்துணியைப் பதித்துவிட்டால் விளிம்பு கிழியாது. சித்திரை வெயிலில் ரப்பர் இறுகும் நேரம் மார்கழியில் ஆவதில் பாதிகூட இருக்காது. அதனால் கோடையில் விடியற்காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்துவிடுவேன்.

இதுவரை சொன்னது ரப்பர். ஆனால் ஒழுங்கில்லாத வடிவத்துக்கு அச்சின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் மேல் போடும் ஜாக்கெட் என்பதுதான் ஏழு வருஷத்தில் நான் கண்டது. ரப்பர் தானாக நிற்காது. வெளியே கெட்டியான ஓடு இல்லாவிட்டால் உள்ளே வார்க்கிற பொருளின் கனத்திலேயே அது கோணிக்கொள்ளும்.

ஜாக்கெட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகு ஒக்கிடுகிற ஒரு அண்ணன். சுனாமிக்குப் பிறகு நம் கரை முழுக்க ஃபைபர் படகு நிறைந்ததில் இந்த வேலை தெரிந்தவர்கள் இங்கே நிறைய. என் முதல் ஜாக்கெட்டைக் கையில் வாங்கி லேசாக முறுக்கிப் பார்த்தார், அது வளைந்தது. “ரிப்பு வைக்காம எடுத்தா வெயில்ல முறுக்கிக்கும் தம்பி. படகுக்கே முறுக்கிக்கும், இது எம்மாத்திரம்” என்று சொல்லி, பழைய பிவிசி பைப்பை நெட்டுவாக்கில் பிளந்து ஓட்டின் முதுகில் விலா எலும்பு மாதிரி தாங்கலாக வைத்து, அதன் மேல் ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு) ரெசினும் போட்டுக் காட்டினார். அன்று முதல் ரிப்பு இல்லாமல் நான் ஜாக்கெட் போட்டதே இல்லை.

ஜாக்கெட்டை எங்கே இரண்டாகப் பிரிப்பது என்பதுதான் கஷ்டமான இடம். ரப்பர் வளைந்து கழன்று வரும், ஓடு வளையாது. நான் செய்வது இது. அறையை இருட்டாக்கி, ரப்பர் பூசிய கட்டையை மேஜையில் வைத்து, ஓட்டைக் கழற்றி இழுக்கப்போகும் திசையிலிருந்து செல்போன் டார்ச் அடிப்பேன். எங்கே நிழல் தொடங்குகிறதோ அங்கே ஓடு மாட்டும். அந்த நிழல் ஓரத்தையே ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்துவிடுவேன். புஜக்கட்டையில் அந்தக் கோடு நேராக வராது, கிளி மூக்கின் முதுகில் ஏறி, சிறகின் ஓரமாக இறங்கி, ஆறு மாதிரி நெளிந்து போகும். நெளிவு எப்படியோ அப்படியே போக விட வேண்டும். நேராக்கினால் ஜாக்கெட் பூட்டிக்கொள்ளும்.

நிழல் விழுகிற ஆழமான குழிகளில் மட்டும், செத்துப்போன பழைய அச்சைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் புது ரப்பரோடு சேர்த்து அடைப்பேன். புது ரப்பர் பழைய ரப்பரோடு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குழி மேடாகிவிடும், ஓடு வழுக்கிக்கொண்டு வரும், புது ரப்பரும் மிச்சம். அரை எலுமிச்சை அளவில் அஞ்சாறு மேடும் வைத்துவிட்டால் ரப்பர் ஓட்டுக்குள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும். கோட்டின் மேல் பண்ருட்டி பொம்மைக்காரரிடம் வாங்கிய களிமண்ணால் ஒரு சுவர் கட்டி, முதல் பாதி ஓடு. சுவரை எடுத்து, விளிம்பில் வேக்ஸ் தேய்த்து, இரண்டாம் பாதி. இரண்டும் பொருளின் மேல் இருக்கும்போதே போல்ட்டுக்கு ஓட்டை போட்டுவிட வேண்டும்.

சிலிக்கான் சிலிக்கானோடு ஒட்டும் என்பதே ஒருமுறை எனக்கு வினையாக வந்தது. கதாயுதத் தலைக்கு இரண்டு பாதியாகக் கெட்டி அச்சு எடுத்தபோது நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வாஸ்லின் விட்டுப்போயிற்று. அந்த இடம் ஒரே கட்டியாகிவிட்டது. பிளேடால் அறுத்துத்தான் கதாயுதத்தை வெளியே எடுத்தேன்.

வார்ப்பு எனக்கு ஃபைபர்தான். ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு ரெசின் ஒரு கை, சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள மேட் இரண்டு அடுக்கு. மரத்தில் ஜோடி 1 கிலோ 900 கிராம் இருந்தது, ஃபைபரில் 650 கிராம். விடிய விடிய ஆடுகிறவருக்கு இந்த வித்தியாசம் தோளில் தெரியும். ஆனால் முதல் ஜோடியைக் கட்டி ஆடிய அண்ணன் காலையில் சட்டையைக் கழற்றிக் காட்டினார், தோள் முழுக்கச் சிவந்து தடித்திருந்தது. உள்பக்க ஃபைபர் நூல் வியர்வையோடு சேர்ந்து குத்தியிருக்கிறது. அதற்குப் பிறகு உள்ளே இன்னொரு கை ரெசின் பூசி, உப்புத்தாள் தேய்த்து, கம்பளித் துணி ஒட்டாமல் ஒரு கட்டையும் வெளியே போவதில்லை. கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: ரெசினைச் சீக்கிரம் இறுக வைக்கும் கோபால்ட்டையும் ரெசினுக்கான கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். அது கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் புட்டியைத் தொடாதீர்கள்.

ஆயுளுக்கு வருகிறேன். ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் மெதுவாக ரப்பருக்குள் இறங்கும். இருபது வார்ப்பு வரை பளபளப்பாக வந்தது, அதற்குப் பிறகு ரப்பர் வறண்டு, இதழ் ஓரங்கள் கட்டையோடு ஒட்டிப் பிய்ந்து வர ஆரம்பித்தது. ஒரே நாளில் மூன்று எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். ஒன்று எடுத்து ஒரு நாள் காற்றாட விட்டால் முப்பதைத் தாண்டுகிறது.

2020இல் ஊரடங்கில் திரௌபதி அம்மன் திருவிழாவும் இல்லை, கூத்தும் இல்லை. அச்சை ஓட்டிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் தொங்கியதில் கிளி மூக்கு நீண்டு ஒருபக்கம் சாய்ந்தேவிட்டது. திரும்ப ஓட்டுக்குள் வைத்தும் சரியாகவில்லை, இடது வலது ஜோடி சேரவில்லை. அந்த அச்சை வெட்டி அடுத்ததற்கு அடைப்பாகப் போட்டேன். இப்போது எந்த அச்சையும் காலியாக வைப்பதில்லை. உள்ளே ஒரு பிரதி, மேலே ஓடு, போல்ட் முடுக்கி, படுக்கை வாக்கில்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் கொட்டகையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு நாள் அப்படியே நின்றது. மார்ப்பதக்க அச்சுக்குச் செலவு குறைய பிளாஸ்டரில் ஓடு போட்டிருந்தேன், தூக்கினால் கையோடு பிட்டுக்கொண்டு வந்தது. புஜக்கட்டையின் ஃபைபர் ஓட்டைச் சேறு கழுவித் திறந்தேன், உள்ளே ரப்பரும் பிரதியும் வைத்தது வைத்தபடி இருந்தன. பிளாஸ்டர் ஓடு மலிவு, கனம் அதிகம், நம் கடற்கரை ஈரத்தில் காயவும் நாளாகும். ஒரே ஒரு பிரதி போதும் என்றால் தவிர, நான் இனி போடமாட்டேன்.

வேறு பொருள்களையும் பார்த்தேன். பிளாட்டினம் வகை சிலிக்கான் சுருங்குவதில்லை, நாள்பட உழைக்கும் என்பது உண்மை. ஆனால் கந்தகம் கலந்த மாடலிங் கிளே பட்ட இடத்தில் அது இறுகாது. விலையும் கூட. பாலியூரித்தேன் ரெசினை ஐப்பசி மழையில் வார்த்தேன், காற்றின் ஈரம் பட்டு நுரைத்துப் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. திருக்கனூர் காகிதக்கூழ் வேலையைப் பார்த்து வந்து கூழையும் சிலிக்கானுக்குள் அப்பினேன். ரப்பர் தண்ணீரை உறிஞ்சாததால் காயவே இல்லை, நாலாம் நாள் பூஞ்சை பிடித்தது. கூழுக்குத் தண்ணீர் உறிஞ்சுகிற பிளாஸ்டர் அச்சுதான் பொருந்தும். சின்னப் பிள்ளைகள் பள்ளி நாடகத்துக்கு அப்படிச் செய்த கட்டை இறகு போல இருக்கிறது, எனக்கு அது மிகவும் பிடித்துப்போய் தனியாக ஒரு பிளாஸ்டர் அச்சே வைத்திருக்கிறேன்.

இப்போது ஓடுவது மூன்றாவது சிலிக்கான் அச்சு, 19 வார்ப்பு ஆகியிருக்கிறது. ஓடு மட்டும் 2019இல் போட்ட அதே ஓடு. மூலக் கட்டையின் பூச்சி அரித்த பக்கத்துக்கு மருந்து வைத்து, சில்லுகளைத் திரும்பப் பதித்து வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். அதை அவர் இப்போது களத்துக்குக் கொண்டுபோவதில்லை, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். போன மாதம் கிரீடத்தையும் எடுத்துவந்து கொடுத்தார். அதற்கு ஓடு மூன்றாகப் பிரியுமா நாலாகப் பிரியுமா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.