பழைய சிப்புகளை யார் கையில் கொடுப்பது?

என் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் கமோடோர் 64 என்ற 1980-களின் வீட்டுக் கணினியின் 6581 ஒலிச் சிப் இரண்டு, அதே காலத்து பிபிசி மைக்ரோ கணினியில் திரைக்காட்சியைத் தரும் வீடியோ யூஎல்ஏ சிப் ஒன்று, இன்டெலின் பெண்டியம் ப்ரோ ப்ராசஸர் ஒன்று. எல்லாம் உயிரோடு இருப்பவை. நான் இனி இவற்றைப் பயன்படுத்தப் போவதில்லை. நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

காயலான் கடையை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். 1995-இல் வந்த பெண்டியம் ப்ரோவின் செராமிக் உடலில் தங்கம் கொஞ்சம் அதிகம். அதற்காகவே எடைக்கு வாங்கி அமிலத்தில் கரைக்கிறார்கள். ஓடுகிற சிப்பை அப்படி அழிப்பது எனக்கு வயிற்றெரிச்சல்.

இணைய ஏலத்தில் உலகம் முழுக்க ஆள் கிடைப்பார்கள், காசும் வரும். ஆனால் யார் வாங்குகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. 6581 என்று மேலே புதிதாக அச்சிட்ட போலிகள் நிறைய சுற்றுவதால், அசலை விற்பவரும் அது ஓடுவதை வீடியோ எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறது. 

அருங்காட்சியகம் என்றதும் மனசு நிம்மதியாகிறது. அமெரிக்காவின் மவுண்டன் வியூவில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சென்டர் ஃபார் கம்ப்யூட்டிங் ஹிஸ்டரி என்று பெயர்பெற்ற இடங்கள் இருக்கின்றன. ஆனால் லட்சக்கணக்கில் விற்ற கணினியின் உதிரிச் சிப்பை வைத்து அவர்கள் என்ன செய்வார்கள்? வாங்கிக்கொண்டாலும் அது கிடங்குப் பெட்டியில்தான் கிடக்கும். நிரந்தரம் என்றும் சொல்ல முடியாது. மைக்ரோசாஃப்டின் பால் ஆலன் சியாட்டிலில் தொடங்கிய லிவிங் கம்ப்யூட்டர்ஸ் அருங்காட்சியகம் 2020-இல் கதவடைத்தது; 2024-இல் அங்கிருந்த கணினிகள் பல கிறிஸ்டீஸ் ஏலத்துக்குப் போயின. விற்பனைக்கு வரும் முன் செய்து பார்த்த மாதிரி போர்டு, கையால் எழுதிய லேபிள் ஒட்டிய ஈப்ராம் (நிரலைப் பதிந்து வைக்கும், அழித்து மீண்டும் எழுதக்கூடிய நினைவகச் சிப்) போன்றவை கிடைத்தால் மட்டும் அருங்காட்சியகத்தைக் கேட்பேன். ஈப்ராமில் இருக்கும் நிரல் வேறெங்கும் இல்லாமல் போகலாம். அதனால் முதலில் அதைப் படித்து நகல் எடுத்துவிட வேண்டும். லேபிளைப் பிய்க்கவே கூடாது, அதன் கீழே சிப்பில் உள்ள கண்ணாடி வழியாக வெயில் பட்டால் நாளடைவில் பதிந்த நிரல் எல்லாம் அழிந்துவிடும்.

மீதி இருப்பது, பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள். என் மனம் இவர்கள் பக்கம்தான். 6581-இல் ஒவ்வொரு சிப்பின் ஃபில்டரும் (ஒலியை வடிகட்டும் பகுதி) கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கும். அந்த வித்தியாசத்தைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள் இவர்கள். காசு குறைவாகத்தான் வரும், சில சமயம் தபால் செலவு மட்டும். பரவாயில்லை. கேட்கிறவரிடம் நான் ஒன்றுதான் விசாரிப்பேன்: “எந்தக் கணினி காத்திருக்கிறது, இதுவரை என்னென்ன சோதித்தீர்கள்?” பவர் சப்ளையை அளந்து பார்த்தேன், ரேமை மாற்றிப் பார்த்தேன் என்று பதில் வந்தால் அவருக்கே. சும்மா ஸ்டாக் வைக்க என்றால் வேண்டாம்.

ஆக, ஒலிச் சிப்புகளும் யூஎல்ஏவும் பழுது பார்ப்பவர்களுக்கு. பெண்டியம் ப்ரோவை, உருக்க மாட்டேன் என்று சொல்லும் சேகரிப்பாளர் ஒருவருக்கு நேரடியாக விற்கலாம்.

அனுப்புவதற்காக யூஎல்ஏவை எடுத்தேன். அது செருகியிருந்த கருப்பு நுரைப் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து கால்களில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அப்படியே விட்டால் கால்கள் அரித்துவிடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வொரு காலாகத் துடைத்து, நிலைமின்சாரம் சிப்பைத் தாக்காமல் காக்கும் புதிய ஆன்டிஸ்டாட்டிக் நுரையில் செருகி வைத்திருக்கிறேன்.