ஆர்.ஓ.வா, யு.வி.யா, அடுப்பா: உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எது சரி?

வாட்டர் ஃபில்டர் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது பட்ஜெட்டை. அவர் கேட்க வேண்டியதோ, உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை. ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா, சம்ப்பில் இரண்டும் கலக்கிறதா? இதற்குப் பதில் தெரியாமல் எந்த மெஷின் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் 9 ஸ்டேஜ், 11 ஸ்டேஜ், காப்பர், ஜிங்க், ஆல்கலைன் ஸ்டிக்கர்களாலும் முடியாது.

ஆகவே இந்த ஒப்பீட்டைத் தண்ணீரிலிருந்து தொடங்குவோம். தண்ணீரில் இருக்கக்கூடிய கெடுதலை மூன்றாகப் பிரிக்கலாம். மண், துரு, கலங்கல் ஒரு வகை. பாக்டீரியா, வைரஸ் போன்ற கிருமிகள் இன்னொரு வகை. கரைந்திருக்கும் உப்புகள், ஃபுளோரைடு, நைட்ரேட் மூன்றாவது வகை. முதல் வகையை ஐந்து மைக்ரான் நூல் கேண்டிலே பிடித்துவிடும். இரண்டாவதைப் புற ஊதாக் கதிர் வீசும் யு.வி. விளக்கு கொல்லும், கொதிக்க வைத்தாலும் சாகும். மூன்றாவதை நீக்க, வீட்டு அளவில் பெரும்பாலும், நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வை விட்டால் வேறு வழி இல்லை. எந்தக் கெடுதல் உங்கள் வீட்டில் இருக்கிறதோ அதற்கான கருவியை வாங்கினால் போதும். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெட்டியை எல்லோர் தலையிலும் கட்டுவதுதான் இன்றைய விற்பனை முறை.

அந்த விற்பனையின் உச்சக்கட்டம் வீட்டுக்கு வந்து செய்து காட்டும் 'டெமோ'. இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். நான்கு உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பெட்டியை இரண்டிலும் முக்கி சுவிட்சைப் போடுவார்கள். ஒரே நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பச்சையாகி, பழுப்புச் சேறாகத் திரண்டு நிற்கும். ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். "இதைத்தான் உங்க குழந்தைங்க குடிக்கிறாங்க" என்பார் விற்பனையாளர். பார்த்துக்கொண்டிருக்கும் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு, இன்னொன்று அலுமினியம். உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மிதக்கிறது. நாம் பார்ப்பது கம்பியின் துருவை. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாயவில்லை, அதனால் கம்பியும் கரையவில்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டு, ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, மறுபடி போடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். கருவி வீட்டு மின்சாரத்தில் ஓடுவது, எனவே ஓடும்போது டம்ளர் பக்கம் கை போகக்கூடாது. இப்படி அச்சுறுத்தி மெஷின் விற்பதை ஏமாற்று வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து அவர்கள் எடுப்பது டி.டி.எஸ். மீட்டர். இது உண்மையிலேயே பயனுள்ள கருவி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் திறனை மட்டுமே. அதிலிருந்து கரைந்த உப்பின் மொத்த அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. சாக்கடை கலந்து காலரா கிருமி நீந்தும் தண்ணீரும் 150 காட்டலாம். தேங்காய்த் தண்ணீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் காட்டும். குறைந்த எண் என்றால் சுத்தம் என்று பொருள் இல்லை.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரமே இல்லை என்றால் 2,000 வரை அனுமதி. 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய விதிமுறை கொண்டுவரும்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. ஆர்.ஓ. அனுமதிக்கப்படும் இடங்களிலும் உள்ளே போகும் நீரில் 60 விழுக்காட்டையாவது வீணாக்காமல் மீட்க வேண்டும் என்றது. கடைகளில் இந்த எண்களை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இனி நேருக்கு நேர்.

ஆற்று நீர் அல்லது ஏரி நீர், அதாவது கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர், மாநகராட்சித் தண்ணீர் மட்டும் வரும் வீடு. மீட்டர் பெரும்பாலும் 500-க்குள் காட்டும். இங்கே பிரச்சினை உப்பு இல்லை, கிருமி. தண்ணீர் 24 மணி நேரமும் வராத ஊர்களில், சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியே வெளியே தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுபடுகிறது. போதாக்குறைக்கு வருடக்கணக்கில் கழுவாத சம்ப், மூடியில்லாத ஓவர்ஹெட் டேங்க். இந்த வீட்டுக்கு கேண்டில், குளோரினை உறிஞ்சும் கார்பன், யு.வி. மூன்றும் உள்ள மெஷின் போதும். கூடவே பாக்டீரியாவைச் சலித்து நிறுத்தும் யு.எஃப். சவ்வும் இருந்தால் நல்லது. ஒரு சொட்டும் வீணாகாது. விளக்கு 11 வாட், கரண்ட் பில்லில் தெரியவே தெரியாது.

யு.வி.யின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது, மண் துகளுக்குப் பின்னால் கிருமி ஒளிந்துகொள்ளும். எனவே முன்னால் உள்ள கேண்டில் அடைத்தோ கிழிந்தோ போனால் யு.வி. இருந்தும் பயனில்லை. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்பு படிந்தாலும் இதே கதி. இன்னொன்று, விளக்கு நீலமாக எரிவதை வைத்து அது வேலை செய்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. காலப்போக்கில் அது மங்கினாலும் நீல வெளிச்சம் எரிந்துகொண்டேதான் இருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் மணிக்கணக்கு முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இதே வீட்டுக்கு அடுப்பும் போதும். நன்றாகக் குமிழி விட்டு ஒரு நிமிடம் கொதித்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் எல்லாம் முடிந்தன. செலவு அதிகம் என்று சொல்லித்தான் மெஷின் விற்கிறார்கள், கணக்குப் போட்டே பார்ப்போம். 10 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 2,930 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ சமையல் எரிவாயு ஏறத்தாழ 46,000 கிலோஜூல் தரும். அடுப்பில் அறுபது விழுக்காடு பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்தால், செலவாவது ஏறக்குறைய 105 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 130 நாளைக்கு மேல் வரும். ஆண்டுக்கு மூன்று சிலிண்டருக்குள் முடிகிறது. மெஷினின் ஆண்டு சர்வீஸ் கட்டணத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொதிக்க வைப்பதில் இருக்கும் சிரமம் ஆற வைப்பதும், ஆறிய பின் கை முக்காமல் மொள்வதும்தான். குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று இருந்தால் அதுவும் தீர்ந்தது.

போர் தண்ணீர் வீடு வேறு கதை. மீட்டர் 900, 1,200, 1,800 என்று காட்டும். பருப்பு வேகாது, டீ திரிந்த மாதிரி இருக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு. இங்கே ஆர்.ஓ. தேவைதான், தயங்காமல் வாங்கலாம். கொதிக்க வைத்தால் சுண்ணாம்பில் ஒரு பகுதி மட்டும் அடியில் படியும், மற்ற உப்பெல்லாம் அப்படியே இருக்கும். நைட்ரேட் அதிகமுள்ள கிணற்றுத் தண்ணீர் என்றால் கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். நைட்ரேட்டின் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்கக்கூடாது.

மீட்டரை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தண்ணீர் விடத் தொடங்கியது. ஃபுளோரைடுக்கு ஏற்கத்தக்க அளவு 1 மில்லிகிராம், உச்ச வரம்பு 1.5. டி.டி.எஸ். 450 உள்ள தண்ணீரில் ஃபுளோரைடு 2.5 இருந்தாலும் மீட்டர் கண்டுபிடிக்காது. இந்தப் பகுதிகளில் போர் தண்ணீர் குடிப்பவர்கள் 500 என்ற கோட்டைப் பார்க்காமல் ஆய்வகத்தில் கொடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உள்ளன. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பார்க்கலாம். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் பாட்டிலில் கொண்டுபோகக்கூடாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, சில மணி நேரத்தில் சேர்க்க வேண்டும்.

ஆர்.ஓ.வின் பெரிய குறை வீணாகும் தண்ணீர். சாதாரண வீட்டு மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டரை வெளியே தள்ளும். நாளுக்கு 10 லிட்டர் குடிநீர் என்றால் 30 லிட்டர் வேஸ்ட், ஆண்டுக்கு 10,950 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி ஒன்றைச் சாக்கடையில் திறந்துவிட்ட மாதிரி. லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடந்த 2019-ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 250 டி.டி.எஸ். தண்ணீரை இப்படிப் பாழாக்குவது மனசுக்கு ஒப்பவில்லை.

உள்ளே வரும் தண்ணீர் 800 என்றால் வெளியேறுவது 1,050 அளவில் இருக்கும். வீடு துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற, பாத்திரத்தை முதல் தடவை அலச இது தாராளம். செடிக்கு அன்றாடம் ஊற்றினால் மண் உப்பேறும்.

'வாட்டர் சேவிங்' என்று 60, 70 விழுக்காடு மீட்பதாகச் சொல்லும் மாடல்களும் வருகின்றன. கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் அது நடக்கும். கடும் சுண்ணாம்புத் தண்ணீரில், வேஸ்ட் வழியைச் சுருக்கிப் பிடித்தால் உப்பெல்லாம் மெம்பிரேன் என்கிற ஆர்.ஓ. சவ்வின் மேலேயே படிந்து சீக்கிரம் அடைத்துவிடும். அந்த மெஷினை வாங்குமுன் உங்கள் தண்ணீரின் கடினத்தன்மையைச் சொல்லி, அதற்கு மெம்பிரேன் வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

'மினரல் டெக்னாலஜி', 'டி.டி.எஸ். கண்ட்ரோலர்' என்றெல்லாம் பெயர் வைத்திருப்பது, பெரும்பாலான மெஷின்களில், ஒரு சின்னத் திருகு வால்வு. ஆர்.ஓ. வழியாகப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலந்து சுவை கொடுக்கிறது. சாதாரண உப்புத் தண்ணீருக்கு இது சரி, 80 முதல் 150 வரை வைத்துக்கொண்டால் குடிக்க நன்றாக இருக்கும். ஆனால் ஃபுளோரைடுக்காகவோ நைட்ரேட்டுக்காகவோ ஆர்.ஓ. வாங்கியவர்கள் இந்த வால்வை முழுக்க மூடிவிட வேண்டும். திறந்திருந்தால் எதை நீக்கக் காசு கொடுத்தோமோ அதுவே டம்ளருக்குத் திரும்பி வருகிறது. ஆல்கலைன் கார்ட்ரிட்ஜுக்குத் தனியாகப் பணம் தர வேண்டாம், குடித்த தண்ணீர் எதுவானாலும் வயிற்று அமிலத்தில்தான் போய் விழுகிறது. காப்பர் வேண்டுமென்றால் பருப்பிலும் எள்ளிலும் இருக்கிறது.

கரண்ட் இல்லாமல் ஓடும் யு.எஃப். ஃபில்டர் கிராமத்து வீட்டுக்கு நல்ல துணை. பாக்டீரியாவைத் தடுக்கும். வைரஸுக்கு முழுதாக நம்ப முடியாது. கேன் தண்ணீர் வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 14543 என்ற எண்ணும், தயாரித்த தேதியும், உடையாத சீலும் பார்த்து வாங்க வேண்டும். வெயிலில் கிடந்த கேன் வேண்டாம்.

ஆர்.ஓ. வாங்கியாகிவிட்டது என்றால் சர்வீஸ்காரர் சொல்வதை அப்படியே ஏற்காமல் நாமே அளந்துகொள்ளலாம். கண்ட்ரோலரை மூடிவிட்டு, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அளங்கள். 900 உள்ளே போய் 70 வெளியே வந்தால் மெம்பிரேன் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வேலை செய்கிறது, ஒரு வருடம் ஆயிற்று என்பதற்காக மாற்ற வேண்டாம். 180-ஐத் தாண்டினால் மாற்றும் நேரம். கேண்டிலையும் கார்பனையும் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கார்பன் தீர்ந்தால் குளோரின் நேராக மெம்பிரேனைத் தாக்கி ஓட்டை போட்டுவிடும், சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்து ஆயிரங்களை இழக்க நேரும். டேங்க் நிரம்பி மெஷின் நின்ற பிறகும் வேஸ்ட் குழாயில் தண்ணீர் ஒழுகினால், உள்ளே வரும் தண்ணீரை நிறுத்தும் சோலினாய்டு வால்வு போய்விட்டது என்று பொருள். அதை அன்றே மாற்ற வேண்டும், இரவெல்லாம் ஓடி ஓவர்ஹெட் டேங்க் தண்ணீரை வீணாக்கிவிடும்.

மெஷினுக்குள் இருக்கும் சின்ன டேங்கை யாரும் கவனிப்பதில்லை. குளோரின் கார்பனிலேயே போய்விடுவதால் அங்கே தேங்கும் தண்ணீருக்குப் பாதுகாப்பு கிடையாது, சுவர் வழவழவென்று பாசி பிடித்தாற்போல் ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவச் சொல்லுங்கள். பத்து நாள் ஊருக்குப் போய் வந்தால் தேங்கிய தண்ணீரை முழுக்கக் கீழே விட்டு, அடுத்து நிரம்பும் டேங்கையும் பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வருவதைக் குடிக்கப் பிடியுங்கள்.