68,000 ரூபாய் போச்சு: டிராக் செட்டப் என்று ஸ்பிரிங்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் டிராக் ரேஸுக்காக (drag, நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் பந்தயம்) வண்டியைத் தயார் செய்கிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். கீழே சமவெளியில் ஒரு மாடிஃபிகேஷன் ஒர்க்‌ஷாப். என் ஸ்விஃப்ட் காருக்கு காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட்), ஹைட் செட்டிங், சக்கரக் கோணம் சரிசெய்யும் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய். நேற்று குன்னூரில் ஜாக்கி போட்டுத் தூக்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

நம்பியது எதனால் தெரியுமா? புது டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ஒன்றைக் கையில் கொடுத்து, மேலே இருக்கும் குமிழைத் திருப்பச் சொன்னார் அந்த ஒர்க்ஷாப் ஆள். ஒவ்வொரு கிளிக்கும் விரலில் தெரிந்தது. "இதுதான் சார் உங்க வண்டிக்கு." அங்கேயே ஜிபே பண்ணியாச்சு. கையில் கொடுத்தது ஒன்று, வண்டியில் ஏறியது வேறு.

முன்பக்கம் பழைய ஸ்ட்ரட்டுக்கே (முன்சக்கர ஷாக் அப்சார்பர்) சிவப்பு பெயின்ட். பின் ஸ்பிரிங்கைக் கையாலேயே சுற்ற முடிகிறது. கிரைண்டரில் ஒன்றரைச் சுற்று வெட்டியிருக்கிறார்கள். வெட்டிய முனை சூட்டில் நீலம் பாய்ந்து நிற்கிறது. கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் உள்பக்கப் பின்சக்கரம் பாரம் விட்டுத் தொங்கும். நீளம் குறைந்த ஸ்பிரிங் அப்போது தான் உட்காரும் சீட்டை விட்டு விலகும், திரும்ப உட்காரும்போது 'டொக்'. கோணலாக உட்கார்ந்தால் கழன்றே போகும். உயிர் போகிற விஷயம் இது.

சரி, டிராக் ரேஸுக்காவது உதவுமா? இல்லை. கிளம்பும்போது பாரம் பின்னால் போகும். பின்சக்கரம் தள்ளும் வண்டிக்கு அது லாபம், பின்பக்கத்தைக் குந்த விடலாம். ஸ்விஃப்ட் முன்சக்கரம் இழுக்கிற வண்டி. மூக்கு தூக்கினால் முன் டயர் பிடியில்லாமல் வெறுமனே சுற்றும். வேண்டியது நேரெதிர்: பின்னால் கடினமான ஸ்பிரிங், உயரமும் முன்பக்கத்தைவிடச் சற்றே தூக்கலாக. முன் டேம்பரில் ரீபவுண்டை (அமுங்கியது திரும்ப நீளும் வேகத்தை) இறுக்கி மூக்கு எழாமல் பிடிக்க வேண்டும். இவர்கள் பின்னால் இறக்கி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று: கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை) புஷ் என்ற ரப்பர் இணைப்பின் போல்ட்டை வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்கணும். தூக்கி வைத்தே இறுக்கியதில் ரப்பர் முறுக்கிக்கொண்டு, இடது முன்பக்கம் 15 மில்லிமீட்டர் உயரம் கூட. கொஞ்ச நாளில் புஷ் கிழியும்.

ஒர்க்ஷாப்பைக் கேட்டால், முதல் போனில், "500 கிலோமீட்டர் ஓட்டுங்க, செட் ஆயிடும்." அடுத்து, "மலை ரோடு சார், சத்தம் வரத்தான் செய்யும்." அப்புறம் மெக்கானிக் லீவாம். இப்போது எடுப்பதே இல்லை. பில்லில் 'சஸ்பென்ஷன் வேலை' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு 68,000 ரூபாய்!

எப்படிச் செட் பண்ணுவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இவ்வளவாவது செய்யுங்கள். பெட்டியிலும் டேம்பரிலும் உள்ள சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். சமதளத்தில், காற்று சரியாக அடித்து, டிரைவர் சீட்டில் ஆள் இருக்க, சக்கர மையத்திலிருந்து அதன் மேலே உள்ள ஃபெண்டர் தகட்டின் விளிம்பு வரை நாலு பக்கமும் வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து வையுங்கள். நம் ஊரில் சமதளம் கிடைப்பதே கஷ்டம், கீழே ஒர்க்ஷாப்பிலேயே அளந்துவிடுங்கள். அலைன்மென்ட் பிரிண்ட் கையில் வரணும். கடைசியாக லிஃப்டில் ஏற்றி, ஸ்பிரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் வண்டியை எடுக்காதீர்கள், மீதிப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.