30 தண்டாலில் தேறியது 4

ஒரே மூச்சில் 30 தண்டால் எடுப்பேன் என்று பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். இடது தோளின் முன்பக்கம் குத்தத் தொடங்கியதும்தான், காணொளி அனுப்பினால் பயிற்சியாளர் பார்த்துத் திருத்தித் தரும் ஓர் இணையச் சேவையில் ஒரு மாதத்துக்குப் பணம் கட்டினேன்.

முதல் பதிலே முகத்தில் அடித்தது: "நான்கு சரி. ஐந்தாவதிலிருந்து நீங்கள் எடுப்பது தண்டால் இல்லை." கோபத்தோடு அதே காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். இடுப்பு தூளிபோலத் தொங்குகிறது. மார்பு இறங்குமுன்னே மூக்கு தரையைத் தேடிப் போகிறது. முழங்கைகள் சிலுவையில் அறைந்ததுபோல் தோளுக்கு நேராக விரிந்து கிடக்கின்றன. தோள் வலிக்காமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தச் சொல்லாததுதான் இந்தப் பயிற்சியாளரிடம் எனக்குப் பிடித்தது. முதலில், முதுகின்மேல் நீளவாக்கில் ஒரு கோல். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றும் அதில் பட வேண்டும். தலை முன்னே நீண்டால் மண்டை கோலை விட்டு விலகுகிறது. இடுப்பு தொய்ந்தால் கீழ்முதுகுக்கும் கோலுக்கும் நடுவே கை முழுதாக நுழைகிறது. பிட்டத்தை இறுக்கி, விலாவை உள்ளே இழுத்தால் அந்த இடைவெளி சுருங்குகிறது. வயிறு இவ்வளவு வேலை செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு தரையையே விட்டுவிட்டு, கனமான மேசையின் விளிம்பில் கையூன்றி 8 மட்டும். முழங்கை உடம்போடு ஏறக்குறைய 45 டிகிரி. கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் குத்தல் நின்றது.

பஸ்கியில் சேவை சறுக்கிவிட்டது. உட்காரும்போது என் குதிகால் தரையை விட்டு எழுகிறது என்று எழுதிக் கேட்டதற்கு, இரண்டு நாள் கழித்து எல்லோருக்கும் அனுப்பும் பொதுக் காணொளி ஒன்று வந்தது. குறை கணுக்காலின் விறைப்பில் இருந்தது. குதிகாலைத் தரையில் பதித்தபடி முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்த்து அதை நானேதான் கண்டுபிடித்தேன்: இடது காலைவிட வலது காலைச் சுவருக்கு இரண்டு விரற்கடை கிட்டே வைத்தால்தான் எட்டியது.

தண்டாலுக்காக ஒரு மாதம் தாராளமாகச் சேரலாம். அதற்குமேல் நான் நீட்டிக்கவில்லை. இப்போது தரையில் 12 வருகிறது. பதின்மூன்றாவதில் இடுப்பு தொய்கிறது, அங்கேயே எழுந்துவிடுகிறேன்.