வெள்ளவத்தையில் இருந்துகொண்டு லண்டன் திரையில் ஐந்து வருடம்

2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போட்டபோது, இரண்டு கிழமைக்குத்தானே என்று ஒஃபிஸ் லெப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது திரும்பிப் போகவே இல்லை. லண்டனில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. கோப்புகள் எல்லாம் அங்கேயுள்ள சேர்வரில் இருக்கின்றன. நான் இங்கே கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில், மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டொப் வழியாக அந்தச் சேர்வரின் திரையைப் பார்த்து வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்.

ஆரம்பத்தில் எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றுதான்: “அலங்காரம் எல்லாத்தையும் நிப்பாட்டு, வேகம் தானா வரும்.” ரிமோட் டெஸ்க்டொப் செயலியில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. பின்னணிப் படம், எழுத்துகளை மென்மையாக்கும் ‘ஃபொண்ட் ஸ்மூதிங்’, இழுக்கும்போது ஜன்னலின் உள்ளடக்கத்தைக் காட்டுவது, மெனு அசைவுகள் என்று வரிசையாகப் பெட்டிகள். மேலே இணைப்பின் வேகத்தையும் தெரிவு செய்யலாம். நான் ஆகக் கீழே போய் 56 கிலோபிட் மோடம் என்பதைத் தெரிவு செய்தேன். வீட்டில் ஃபைபர் இருக்கிறது, ஆனாலும் மோடம்! திரை பழைய விண்டோஸ் 98 மாதிரி ஆகிவிட்டது. வேகம்? கொஞ்சம் கூடியது போலத்தான் இருந்தது.

கண்தான் கெட்டது. பின்னேரம் மூன்று மணிக்கே புருவத்துக்கு மேலே வலி தொடங்கிவிடும். எக்செலில் 2007 முதல் பல வருடங்கள் வழமையாக வந்த கலிப்ரி, கிளியர்டைப் என்ற விண்டோஸின் ஃபொண்ட் ஸ்மூதிங் முறையை மனதில் வைத்தே வரையப்பட்ட எழுத்து. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி வளைவுகளை நேர்த்தியாக்குவதுதான் கிளியர்டைப்பின் வேலை. அதை நிறுத்தினால் கலிப்ரியின் கோடுகள் ஓரிடத்தில் மெலிந்து இன்னோரிடத்தில் தடித்துப்போகும். 3இன் திறந்த பக்கம் அடைபட்டு 8 போலத் தெரியும். ஒரு நாள் 33,640 பவுண்டை 38,640 என்று அடுத்த தாளில் அடித்துவிட்டேன். (கொப்பி பண்ணியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கணக்கு மென்பொருள் எண்ணைத் தொடவே விடாது.) 5,000 பவுண்ட் எங்கே போனது என்று இரண்டு பேர் அரை நாள் தேடினோம். அன்றைக்கே ஃபொண்ட் ஸ்மூதிங்குக்குச் சரி போட்டேன், பிறகு எடுக்கவில்லை. அதற்குக் கொஞ்சம் கூடுதல் டேட்டா போகும்தான். போகட்டும்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கணம் பிந்தித்தான் திரையில் விழுந்தது. லண்டன் ஒஃபிஸில் கணினிகளைப் பார்க்கும் பெடியன் யாழ்ப்பாணத்துப் பெடியன். ஃபோன் எடுத்து முறைப்பட்டேன். சிரித்துவிட்டு, “அக்கா, உங்கட லைன்ல பிழை இல்லை. தூரம்தான் பிழை” என்றான்.

அவன் சொன்னதைப் பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் போகும். கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டிலேயே 8,700 கிலோமீற்றர் அளவில். ஒரு விசையை அழுத்தினால் அது அங்கே போய், எழுத்தாகத் திரும்பி வர எப்படியும் 87 மில்லிவிநாடி வேண்டும். கடலடிக் கேபிள்கள் நேர்கோட்டில் போவதில்லை, செங்கடலையும் எகிப்தையும் சுற்றித்தான் ஐரோப்பாவுக்குப் போகின்றன. என் வீட்டில் பிங், அதாவது போய்த் திரும்பும் நேரம், 150க்கும் 200க்கும் இடையில் நிற்கும். பின்னணிப் படத்தை எடுத்தால் இது குறையுமா? ஒரு மில்லிவிநாடிகூடக் குறையாது. நான் மோடம் வேடம் போட்டுத் திரையை அசிங்கமாக்கியது, குறைக்க முடியாத ஒன்றைக் குறைக்கத்தான்.

அப்போ எதை நிறுத்துவது? அசையாத அழகுக்குச் செலவு குறைவு, ஒரு தரம் வந்து சேர்ந்தால் அப்படியே நிற்கும். அசைகிற ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டகங்கள் லண்டனிலிருந்து வரவேண்டும். எக்செல் 2013இலிருந்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்குப் போகும்போது பச்சைச் சதுரம் வழுக்கிக்கொண்டு போகும், கவனித்திருப்பீர்கள். மேசைக் கணினியில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இத்தனை தூரத்தில் அது நொண்டி நொண்டித்தான் வரும். சேர்வர் பக்கத்தில் விண்டோஸ் அசைவுகளை நிறுத்தச் சொன்னேன். ஐந்து வருடத்தில் செய்த மாற்றங்களில் ஆகப் பெரிய நிம்மதி அதுதான். எந்த அலங்காரத்தையும் பறிகொடுத்த உணர்வும் இல்லை. பின்னணிக்கு ஒரே சாம்பல் நிறம் போட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்து மூடும்போது படத்தைத் துண்டு துண்டாகத் திரும்ப அனுப்பும் வேலை மிச்சம்.

இடையில் சேர்வரைப் புதுப்பித்தபோது வேறொரு தொல்லை வந்தது. எதிர்மறை எண்களை நாங்கள் சிவப்பில் காட்டுவோம். கறுப்பு எண்கள் கூர்மையாக இருக்க, சிவப்பு எண்கள் மட்டும் மை ஊறிய மாதிரி கலங்கித் தெரிந்தன. கண்ணாடி மாற்றவேண்டும் என்றே நினைத்தேன். காரணம் எச்.264 என்ற வீடியோ சுருக்கும் முறை. திரையை வீடியோ போலச் சுருக்கி அனுப்பும்போது அது வழமையாக நிற விவரத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடும். படத்தில் கண்ணுக்குத் தெரியாது, மெல்லிய நிற எழுத்தில் உடனே தெரியும். நிற விவரத்தைக் குறைக்காமல் அனுப்பும், விண்டோஸ் 10உடன் வந்த ஏவிசி 444 முறையை அந்தப் பெடியன் சேர்வரின் கொள்கை அமைப்பில் முன்னிலைப்படுத்திவிட, சிவப்பு தெளிந்தது. அதோடு, ஒஃபிஸ் வலையமைப்புக்குப் போகும் பாதுகாப்பான வழியான வி.பி.என்.னில் யுடிபியையும் திறந்துவிட்டான். வழியில் தொலைந்த துண்டுக்காகக் காத்து நிற்காமல் தரவை அனுப்பும் முறை அது. திரை உச்சியில் உள்ள இணைப்புப் பட்டையில் சின்னக் கோடுகளாக ஒரு குறி இருக்கும், அதை அழுத்தினால் யுடிபி வேலை செய்கிறதா என்று தெரியும். வைஃபையில் வேலை செய்பவர்கள் ஒரு தரம் பார்த்து வையுங்கள்.

2022ஐச் சொல்லாமல் விட முடியாது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் வாங்கியும் போதவில்லை, ஃபோன் ஹொட்ஸ்பொட்டில்தான் வேலை. அப்போதுதான் ரிமோட் டெஸ்க்டொப் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ஆர்டிபி கோப்புகள் இரண்டு செய்துகொண்டேன். ஒன்று ஃபைபருக்கு. மற்றது கையடக்கத் தொலைபேசிக்கு: 16 பிட் நிறம், சின்னத் திரையளவு, எழுத்து மென்மையைத் தவிர எல்லாம் நிறுத்தம். சும்மா சொல்லக்கூடாது, அந்த நாட்களில் இந்த முறையின் அருமை தெரிந்தது. இங்கே எல்லாம் இருண்டாலும் லண்டனில் என் திரை அப்படியே நிற்கும். திரும்ப இணைந்தால், பாதியில் விட்ட எண்ணுக்குப் பக்கத்தில் கேர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு: ஸ்கேன் செய்த வங்கிக் கூற்றுகள். முழுக்க முழுக்கப் படம், எந்தப் பெட்டியில் சரி போட்டாலும் எடுத்தாலும் உருட்டும்போது கலங்கி, நின்ற பிறகுதான் தெளியும். வாடிக்கையாளர் விவரம் என்பதால் இங்கே இறக்கி வைத்துப் பார்க்கவும் முடியாது. அதனால் மௌஸ் சக்கரத்தைத் தொடுவதில்லை. பேஜ் டவுன் விசைதான், ஒரு அழுத்து, ஒரு பக்கம். அது வந்து தெளியும் வரைக்கும் தேத்தண்ணியில் ஒரு வாய் குடிக்கலாம்.