முயல் தொல்லைக்குத் துப்பாக்கியா, விஷமா, டிராக்டரா? கூடவே, எந்தக் கத்தி?

ஆஸ்திரேலியாவில் முயல் சுடப் போகிறேன் என்றதும் ஊரிலிருந்து தம்பி கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, கேஸ் ஆகாதா?" நியாயமான கேள்விதான். நம்மூர்க் காட்டுமுயலைத் தொட்டால் வனவிலங்குச் சட்டம் பாயும். இங்கே விக்டோரியா மாநிலத்தில் நேர் எதிர், முயலைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் நிலத்துக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து வரவழைத்து வின்செல்சி என்ற ஊர்ப் பக்கம் தன் பண்ணையில் விட்ட சுமார் இரண்டு டஜன் முயல்கள்தான் இந்தப் பெரும் பரவலுக்கு ஆரம்பம். 1950-ல் மிக்சோமா வைரஸ், தொண்ணூறுகளில் கலிசி வைரஸ் என்று முயலைக் கொல்லும் நோய்களால் இரண்டு பெரிய அடி வாங்கியும் மீண்டும் மீண்டும் பெருகிவிட்டது.

சரி, எது நல்லது? உங்களுக்கு வேண்டியது கறியா, முயல் குறைவதா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாயின்ட் டூ டூ (.22) என்ற சின்னத் தோட்டா ரைஃபிளில் ஐம்பது மீட்டருக்குள் தலையைப் பார்த்துச் சுட்டால் முயல் துடிக்காமல் சாகும், கறியும் கெடாது. ஒரே வெடியில் நிறையச் சின்னக் குண்டுகள் சிதறும் ஷாட்கன் ஓடுகிற முயலுக்குச் சுலபம், ஆனால் சாப்பிடும்போது பல்லில் ஈயக் குண்டு கடிபடும், எனக்கு அது பிடிக்காது. ஆனால் ஒரு சாயங்காலத்தில் எட்டு முயலைச் சுட்டாலும் வளை அப்படியேதான் இருக்கிறது, உள்ளே ஒரு பெண் முயல் முப்பது நாள் சினையில் நாலைந்து குட்டி போட்டு, ஈன்ற கையோடு மறுபடி சினைப்பிடித்துவிடும். தொல்லை தீர வெறும் துப்பாக்கியை நம்பினால் வருஷம் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேரட்டிலோ ஓட்ஸிலோ விஷம் கலந்து வைப்பது எண்ணிக்கையைச் சட்டென்று குறைக்கும். பின்டோன் என்ற விஷம் என்றால் வைட்டமின் கே மாற்று மருந்தாவது உண்டு, டென் எயிட்டி (1080) என்ற விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது, செத்த முயலைக் கடித்த பண்ணை நாயும் போய்விடும். விஷம் வைத்த இடத்து முயலைத் தயவுசெய்து சாப்பிடாதீர்கள், பக்கத்து நிலத்தில் வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுவிட்டே சுடப் போங்கள்.

தொல்லை தீர என்றால் என் ஓட்டு டிராக்டருக்கு. கோடைக் கடைசியில், மண் காய்ந்து முயல் குட்டி போடாமல் இருக்கும் சமயத்தில், முதலில் விஷம் வைத்து எண்ணிக்கையைக் குறைத்து, அப்புறம் செத்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு, நாய்களை விட்டு மிச்சத்தை வளைக்குள் ஓட்டி, டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய நீளமான இரும்புக் கொழுவால் வளையை ஆழமாகக் கிழித்து மூடிவிட வேண்டும். செலவு அதிகம், பார்க்கவும் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் வீடே இல்லாவிட்டால் முயல் திரும்ப வருவது சிரமம். தப்பித்த ஒன்றிரண்டுக்குத்தான் துப்பாக்கி.

இனி கத்தி. பெரிய வேட்டைக் கத்தியைப் பெல்ட்டில் தொங்கவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், முயலுக்கு அது அதிகம். முயலில் பாதி வேலை கைதான் செய்கிறது. முதலில் கட்டைவிரலால் அடிவயிற்றைப் பின்பக்கமாக அழுத்தித் தடவி மூத்திரத்தை வெளியேற்றுங்கள். வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி, கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்கும்படி வைத்துச் சின்னதாகக் கீறினால் குடலில் படாது. குடலை எடுத்த பிறகு முதுகு நடுவில் தோலில் குறுக்கே ஒரு வெட்டு, இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டு எதிரெதிராக இழுத்தால் சட்டை கழற்றுவது போல வந்துவிடும். பாதத்தை மூட்டில் ஒடித்து நரம்பை மட்டும் அறுத்தால் போதும். இதற்கெல்லாம் ஆறேழு சென்டிமீட்டர் அலகுள்ள பேனாக்கத்தி தாராளம்.

அதன் குறை மடிப்பு மூட்டுதான், ரத்தமும் ரோமமும் உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், அலகு மடங்காமல் பிடிக்கும் பூட்டு இல்லாததென்றால் குத்தும்போது விரல் மேலேயே மடங்கும். ஓபினெல் என்ற பிரெஞ்சு மடிப்புக் கத்தியின் எட்டாம் நம்பரில் பூட்டு வளையம் உண்டு, ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊதி, திறக்கவே மல்லுக்கட்ட வேண்டும். ஒரே நாளில் பத்து முயலுக்கு மேல் உரிப்பவர் என்றால் மடங்காத சின்னக் கத்தி வாங்குங்கள், கழுவுவதும் சுலபம். ஒன்றிரண்டுக்கு என் பையில் கிடக்கும் பேனாக்கத்தியேதான்.

கழுவும் முன் ஈரலை வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் முயலையே தூக்கிப் போட்டுவிடுங்கள். கண் வீங்கிய முயலைச் சமையலுக்கு எடுக்கவே வேண்டாம். குடலைத் தின்றால் நாய்க்கு நாடாப்புழு தொற்றும், அதனால் அதை நாய்க்குப் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.